புளியரையில் மருந்து தெளிக்கும் இடம்

ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் செத்த வாரம்
புளியரை செக்போஸ்டில்
மலையிறங்கும் ஒவ்வொரு லாரியின் டயருக்கும்
மருந்து பீய்ச்சினார்கள்.
முன்சக்கரம், பின்சக்கரம்,
வெறுங்கூண்டு, தீவனச் சாக்கு.
ஒருநாள் கல்யாண வேனுக்கும் அடித்து
மாப்பிள்ளையின் செருப்பு வெளுத்தது.
பென்னியின் சட்டைப்பைக்கு மட்டும்
யாரும் அடிக்கவில்லை.

அதில்
மூடி தொலைந்த பென்டிரைவ் ஒன்று.
புனலூர் கால்நடை ஆபீஸில் ஏற்றிக்கொடுத்த படிவம்:
கூண்டு எத்தனை, முட்டை எத்தனை,
நோய் எதுவுமில்லை, கீழே முத்திரை.
"சேச்சி, மூணு காப்பி" என்றான்.
செருகினேன்.
சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது.
வெளியே ஆரியங்காவுக் கணவாயின் சாரல்.
உள்ளே பிரிண்டர் இழுத்த மூச்சு.
வேறு சத்தம் ஏதுமில்லை.

அது யாரையும் வற்புறுத்தாது, பாத்துக்கிடுங்க.
ஃபோல்டரின் முகத்தை வாங்கி மாட்டிக்கொண்டு
அதே மஞ்சள், அதே பெயர்,
கை வரட்டும் என்று இருக்கும்.
'முட்டை'க்குள் இன்னொரு 'முட்டை',
அதைத் திறந்தால் மூன்றாவது.
உடைக்க உடைக்கக் கரு கிடையாது.

மறுநாள்
இசக்கிமுத்து மகளின் கல்யாணப் பத்திரிகை
என் கடையிலிருந்து தென்காசி அச்சகத்துக்குப் போனது.
அச்சகத்தில் எட்டு மிஷின் படுத்தது.
செங்கோட்டைப் பள்ளியின் அரையாண்டு வினாத்தாள்,
கற்குடி ரப்பர் வியாபாரியின் கணக்கு,
எவனோ ஒருவனின் பாஸ்போர்ட் போட்டோ பன்னிரண்டு
எல்லாம் என் கை தொட்டவை.
நல்ல கை, ராசியான கை என்பார்கள்.

மூன்றாம் நாள் அது கடிதம் எழுதத் தொடங்கியது.
என் பெயரில், என் முகவரியில்,
நான் எப்போதோ எதற்கோ எழுதிய
இருநூற்றுப் பதினான்கு பேருக்கும்
ஒரே வரி:
'உங்களுக்காக ஒரு போட்டோ.'
மின்வாரிய ஏ.இ.க்கு, சீட்டுக் கம்பெனிக்கு,
டோனர் விற்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு,
புனலூரில் ஷம்சாத்துக்கு.

ஷம்சாத் என் தங்கை.
ஏழு தென்னை, கிணற்றில் கால் பங்கு,
உம்மா மௌத்தான நாற்பதாம் நாள் சோறு ஆறுமுன்
நாங்கள் பேசிக்கொண்ட பேச்சு.
ஒன்பது வருஷம் ஆகிறது.
அந்த ரயிலையும் நாலு வருஷமாக நிறுத்திவிட்டார்கள்,
அதனால் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
பஸ் இருக்கிறது. பஸ் எப்போதும் இருந்தது.

ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் பதில் வந்தது,
இங்கிலீஷ் எழுத்தில், தமிழில்:
"ராத்தா, போட்டோ தொறக்கல.
மூணு தரம் அமுக்கிட்டேன்.
உம்மா போட்டோவா?"

குற்றாலத்து அறிவரசு வந்து
நாலு கம்ப்யூட்டரையும் வெறும் பலகையாகத் துடைத்தான்.
"எல்லாருக்கும் சொல்லிருங்கக்கா,
நான் அனுப்பல, தொறக்காதீங்கன்னு."
சொன்னேன்.
இருநூற்றுப் பதிமூன்று பேருக்குச் சொன்னேன்.

உம்மாவுக்கு இருந்தது ஒரே படம்,
பழைய அடையாள அட்டையில்.
பாதி நெற்றியை முத்திரை தின்றிருக்கும்.
ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தபோது
மூடிக்கு அடியில் வெளிச்சம் நகர்ந்தது.
"மன்னிச்சிரு, இப்போ தொறக்கும்" என்று எழுதி
அனுப்பினேன்.
முதலாவதும் நான் அனுப்பியதுதான் என்று
அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

பென்னி இன்று கூண்டு காலியாக வந்தான்.
டயர்கள் நனைந்து என் வாசல்வரை கோடு.
புனலூர் ஆபீஸிலும் மிஷின் எதுவும் ஓடவில்லையாம்,
படிவத்தைக் கையால் எழுதுகிறார்களாம்.

ஷம்சாத் இன்னும் பதில் போடவில்லை.
அவளிடமும் ஓர் அறிவரசு
சொல்லியிருக்கக் கூடும்,
இந்தப் பேரில் எது வந்தாலும்
தொறக்காதீங்க என்று.